பூட்டு உடைவதில்லை, சாவிதான் களவு போகிறது



கிரிப்டோ நாணயம் என்ற சொல்லைக் கேள்விப்படாத உயர்நிலைப் பள்ளி மாணவர் இன்று அநேகமாக இல்லை. அதன் விலை ஏறியது, இறங்கியது என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்கள். செல்போனில் அதைப் பற்றிய விளம்பரங்களைப் பார்க்கிறீர்கள். அதை வாங்கலாமா, கூடாதா என்று பெரியவர்கள் விவாதிப்பதையும் கேட்டிருப்பீர்கள். அந்த விவாதத்தில் இக்கட்டுரை இறங்கப் போவதில்லை. அந்நாணயத்தை வைத்திருப்பவர்கள் அதை எவ்வாறு இழக்கிறார்கள், இழக்காமல் காத்துக்கொள்ளும் வழி யாது என்பதே நாம் காணப்போகும் பொருள்.

இதை ஒரு விஞ்ஞான இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கான விடையில் பெரும்பகுதி நீங்கள் பள்ளியில் படிக்கும் கணிதத்தில் அடங்கியிருக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் கூறுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயத்தின் பூட்டு கணிதத்தால் ஆனது. அந்தக் கணிதத்தை உடைத்து உள்ளே புகுந்த திருடனை உலகம் இதுவரை கண்டதில்லை. கணிப்பொறி நிரல்களில் மனிதர் விட்டுவைத்த பிழைகளின் வழியாகத் திருட்டு நடந்ததுண்டு. மற்றபடி மனிதரின் கண்ணை ஏமாற்றியும், ஆசையைத் தூண்டியும், அச்சத்தை எழுப்பியும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்களே அதிகம். ஆகவே இதற்கான பாதுகாப்பைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது. அதைக் கற்றுத்தான் பெற வேண்டும். கற்றுத்தர வேண்டிய இடம் பள்ளிக்கூடம் என்பதே என் வாதம்.

எல்லோர் கையிலும் ஒரு கணக்குப் புத்தகம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களிடம் சீட்டு என்றால் விளக்கம் தேவையில்லை. இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை கட்டுகிறார்கள். யார் கட்டினார், யார் எடுத்தார் என்ற கணக்கு சீட்டு பிடிப்பவரின் நோட்டில் இருக்கும். அவர் நாணயமானவராக இருக்கும் வரை தொல்லையில்லை. அவர் நோட்டைத் திருத்தினால் என்ன செய்வது? அவர் ஊரைவிட்டே போய்விட்டால் என்ன செய்வது?

இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்வோம். இருபது பேரும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். யார் யாருக்குப் பணம் கொடுத்தாலும் எல்லோரும் தத்தம் நோட்டில் அதை எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தோடு ஒரு கணிதக் குறியால் பிணைக்கப்படட்டும். இப்போது ஒருவர் தம் நோட்டில் பழைய கணக்கைத் திருத்தினால் மற்ற பத்தொன்பது நோட்டுகளும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். சீட்டு பிடிப்பவர் என்ற தலைவரே தேவையில்லை.

பிட்காயினின் அடிப்படை இதுதான். சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவினரோ 2008 அக்டோபர் 31 அன்று இத்திட்டத்தை ஒன்பது பக்கக் கட்டுரையாக வெளியிட்டனர். 2009 ஜனவரியில் முதல் பக்கம் எழுதப்பட்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் அந்தப் புத்தகத்தின் பிரதிகளை வைத்திருக்கின்றன.

தலைவர் இல்லை என்பது பெருமைக்குரிய ஏற்பாடுதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் சிந்திக்க வேண்டும். வங்கியில் தவறான கணக்கிற்குப் பணம் போய்விட்டால் மேலாளரிடம் சென்று முறையிடலாம். ஏ.டி.எம். அட்டை தொலைந்தால் தொலைபேசியில் கூறி முடக்கலாம். இங்கே மேலாளர் இல்லை. முறையிடும் மேசையும் இல்லை. எழுதப்பட்ட வரி எழுதப்பட்டதுதான். சிந்திய பால் மீண்டும் பாத்திரத்திற்குள் ஏறாதது போல, திருடனின் முகவரிக்குச் சென்ற நாணயம் அவன் மனமிரங்கித் தந்தாலன்றித் திரும்பாது.

ஒருவழிப் பாதை

இப்புத்தகத்தில் உங்கள் பெயர் இராது. உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியிலுள்ள நாணயத்தைச் செலவழிக்க ஓர் இரகசிய எண் வேண்டும். அதையே தனிச்சாவி என்கிறார்கள். நாணயம் உங்கள் செல்போனில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நாணயம் உலகப் பொதுப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறது. உங்களிடம் இருப்பது சாவி மட்டுமே. சாவி யாரிடம் இருக்கிறதோ, நாணயம் அவருடையது என்றே அப்புத்தகம் கொள்ளும். சாவியைப் பறிகொடுத்தவருக்கும் அதைப் பறித்தவருக்கும் இடையே கணிதம் எந்த வேற்றுமையும் பாராட்டாது.

தனிச்சாவியிலிருந்து முகவரியைக் கணக்கிடுவது எளிது. முகவரியிலிருந்து தனிச்சாவியைக் கண்டுபிடிக்க இயலாது. அரிசியையும் உளுந்தையும் சேர்த்து ஆட்டுவது எளிது; ஆட்டிய மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் மணிமணியாகப் பிரித்தெடுப்பது எவராலும் ஆகாது. அதுபோன்ற ஒருவழிக் கணக்கு இது.

அப்படியானால் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடித்துவிட முடியாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். பிட்காயினின் தனிச்சாவி 256 இருமத் துணுக்குகள் கொண்டது. அதாவது 2 என்ற எண்ணை 256 முறை தன்னால் பெருக்கினால் எவ்வளவோ, ஏறத்தாழ அத்தனை சாவிகள் சாத்தியம். அது 78 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும்.

ஒரு கணிப்பொறி நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட 100 கோடி கணிப்பொறிகள் சேர்ந்து உழைப்பதாகவும் கொள்வோம். பிரபஞ்சம் தோன்றியதாகக் கருதப்படும் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அவை வேலையைத் தொடங்கியிருந்தாலும், இதுவரை அவை சோதித்திருக்கும் சாவிகளின் தொகை 39 இலக்க எண்தான். 78 இலக்க எண்ணின் முன் அது கடற்கரை மணலில் ஒரு துகளுக்கும் சமமாகாது. எதிர்காலத்தில் ஆற்றல்மிக்க குவாண்டம் கணிப்பொறிகள் வேறு வழியில் இப்பூட்டைத் தாக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். ஆனால் அதற்குப் போதிய வலிமையுள்ள இயந்திரம் இன்று இல்லை.

திருடர்களும் இக்கணக்கை அறிவார்கள். ஆகவே அவர்கள் பூட்டின் பக்கமே போவதில்லை.

பன்னிரண்டு சொற்கள்

78 இலக்க எண்ணை மனிதர் எழுதி வைப்பதும் பிழையின்றிப் படிப்பதும் கடினம். ஆகவே 2,048 சாதாரண ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து கணிப்பொறி சீரற்ற முறையில் 12 அல்லது 24 சொற்களை வரிசையாகத் தரும். அந்தச் சொற்களிலிருந்து எல்லாச் சாவிகளையும் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம். செல்போன் உடைந்தாலும் சொற்கள் இருந்தால் நாணயம் பத்திரம்.

2,048 என்பது 2-இன் 11-ஆம் அடுக்கு. எனவே 12 சொற்கள் 132 துணுக்குகளுக்குச் சமம். அவற்றுள் 4 துணுக்குகள் சரிபார்ப்பதற்கு உரியவை. மீதி 128 துணுக்குகள் தரும் சாத்தியங்களும் 39 இலக்க எண்ணளவு இருக்கின்றன. ஊகிக்க வழியே இல்லை.

இப்போது ஒரு சிறு கேள்வி. பன்னிரண்டில் பதினொரு சொற்களைத் திருடன் பார்த்துவிட்டான் என்று வையுங்கள். அவனுக்கு எத்தனை முயற்சி தேவை? பன்னிரண்டில் ஒரு பங்கு இரகசியம் எஞ்சியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் கடைசிச் சொல்லுக்கு உள்ள வாய்ப்புகள் 2,048 மட்டுமே. கணிப்பொறிக்கு அது கண்சிமிட்டும் நேர வேலை. இரகசியம் கூட்டல் முறையில் குறைவதில்லை. அடுக்கு முறையில் சரிகிறது. "பாதிதானே காட்டினேன்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

இதிலிருந்து சில விதிகள் தாமாகவே பிறக்கின்றன. சொற்களை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. மனிதர் தேர்ந்தெடுப்பது ஒருபோதும் சீரற்றதாக இராது. அவற்றைப் படம் பிடித்து செல்போனில் வைக்கக் கூடாது. படம் நாம் அறியாமலே இணையக் கிடங்கிற்குப் பிரதியாகச் செல்லக்கூடும். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பக் கூடாது. காகிதத்தில் எழுதி, நெருப்பும் நீரும் அண்டாத இரண்டு இடங்களில் தனித்தனியே வைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று: அந்தச் சொற்களைக் கேட்க வேண்டிய தேவை எந்த நிறுவனத்திற்கும், எந்த அதிகாரிக்கும், எந்த உதவி மையத்திற்கும் கிடையாது. கேட்பவர் யாராயினும் அவர் திருடரே. இவ்விதிக்கு விலக்கு இல்லை.

லாக்கரும் நான்கு கையொப்பமும்

சாவியைத் தாமே வைத்துக்கொள்ள அஞ்சுபவர்கள் எக்ஸ்சேஞ்சு எனப்படும் வர்த்தக நிறுவனங்களிடம் நாணயத்தை விட்டு வைக்கிறார்கள். அப்போது சாவி நிறுவனத்திடம் இருக்கும். வாடிக்கையாளரிடம் இருப்பது அந்நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே.

வங்கி லாக்கரைத் திறக்க உங்கள் சாவியும் வங்கியின் சாவியும் சேர வேண்டும் என்பதை அறிவீர்கள். பெரிய கிரிப்டோ நிறுவனங்களும் அவ்வாறே ஒரு பெட்டகத்திற்குப் பல சாவிகளை ஏற்படுத்துகின்றன. மும்பையைச் சேர்ந்த வாசிர்எக்ஸ் நிறுவனத்தின் ஒரு பெட்டகத்திற்கு ஆறு சாவிகள் இருந்தன. ஐந்து அந்நிறுவனத்தாரிடமும், ஒன்று பாதுகாப்புப் பணிக்கு அமர்த்தப்பட்ட லிமினல் நிறுவனத்திடமும் இருந்தன. ஒரு பரிமாற்றம் நடக்க நான்கு கையொப்பங்கள் தேவை. இவ்வளவு இருந்தும் 2024 ஜூலை 18 அன்று அப்பெட்டகத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. நம் பணத்தில் அது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய்.

பூட்டை உடைத்தார்களா? இல்லை. திரையில் காட்டப்பட்ட விவரம் வேறு, உண்மையில் கையொப்பம் பெற்ற விவரம் வேறு என்று வாசிர்எக்ஸ் கூறியது. தன் அமைப்பில் பழுதில்லை என்று லிமினல் கூறியது. எப்படியாயினும் தேவையான கையொப்பங்கள் முறைப்படி விழுந்தன, கணிதம் அவற்றை ஏற்றது, நாணயங்கள் போயின. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற வெளிநாட்டு நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்ததும் இதே பாணியில்தான். கையொப்பமிட்டவர்களின் திரையில் வழக்கமான பரிமாற்றம் போலத் தெரிந்தது. அடியில் இருந்ததோ பெட்டகத்தையே ஒப்படைக்கும் உத்தரவு. இவ்விரு திருட்டுகளையும் வட கொரியாவைச் சேர்ந்த கணிப்பொறித் திருடர்கள் செய்ததாக அமெரிக்க அரசுத் துறைகள் அறிவித்தன.

வெற்றுத்தாளில் கையொப்பமிடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். படிக்காமல் கையொப்பமிடுவதும் வெற்றுத்தாளில் கையொப்பமிடுவதும் ஒன்றே என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

வாசிர்எக்ஸ் வழக்கு சென்னைக்கும் வந்தது. 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் செலுத்தி 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களை வாங்கியிருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். களவு போனவை வேறு வகை நாணயங்கள், அவருடையவை அல்ல. ஆயினும் எல்லா வாடிக்கையாளர்களின் இருப்பும் முடக்கப்பட்டிருந்தது. 2025 அக்டோபர் 25 அன்று நீதியரசர் என்.ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பில், கிரிப்டோ நாணயம் சட்டப்படியான பணம் அன்று, ஆனால் அது ஒரு சொத்து, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். இது வரவேற்கத்தக்க தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். திருட்டு நடந்தது ஒரு நாளில். முடக்கப்பட்ட வர்த்தகம் மீண்டும் தொடங்கியது ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் கழித்து. நீதிமன்றம் உரிமையை நிலைநாட்டும். போன நாணயத்தைப் புத்தகத்தில் திரும்ப எழுத அதனாலும் ஆகாது.

வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கிரிப்டோ நாணயத்திற்கு அத்தகைய அரசுக் காப்பீடு கிடையாது. 2022 முதல் இந்திய அரசு அதன் இலாபத்திற்கு 30 சதவீதம் வரி விதிக்கிறது. வரி வாங்குவதால் அரசு அதற்கு உத்தரவாதம் தருகிறது என்று எண்ணுவது தவறு.

ஆபத்து அழிவதில்லை

அப்படியானால் சாவியை நாமே வைத்துக்கொள்வதுதான் சிறந்ததா? அதற்கும் எதிர்ச் சான்றுகள் உண்டு. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் என்பவரின் சாவி அடங்கிய கணிப்பொறித் தட்டு 2013-ல் குப்பையோடு குப்பையாக வீசப்பட்டது. அதில் ஏறத்தாழ 8,000 பிட்காயின்களுக்கான சாவி இருந்தது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கோரி அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்நாணயங்கள் பொதுப் புத்தகத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. தொடுவதற்குத்தான் எவராலும் முடியாது.

கனடாவின் குவாட்ரிகா நிறுவனத்தின் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் நம் நாட்டின் ஜெய்ப்பூரில் காலமானார். சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில், வாடிக்கையாளரின் நாணயங்களை அவர் உயிரோடு இருக்கும்போதே தவறாகப் பயன்படுத்தியிருந்ததும், பெட்டகங்கள் முன்பே காலியாகியிருந்ததும் வெளிப்பட்டன.

ஆற்றலை அழிக்க முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்திற்கு மாற்றத்தான் முடியும் என்று நாங்கள் வகுப்பில் கற்பிக்கிறோம். இங்குள்ள ஆபத்தும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. நிறுவனத்திடம் கொடுத்தால் அதன் நாணயமும் திறமையும் நம் ஆபத்து. நாமே வைத்துக்கொண்டால் நம் மறதியும் கவனக்குறைவும் நம் ஆபத்து. ஆபத்தே இல்லாத வழி உண்டு என்று ஒருவர் கூறினால், அவர் கூறும் வழியிலேயே ஆபத்து அதிகம் என்று கொள்ளலாம்.

நாளொன்றுக்கு ஒரு சதவீதம்

இதுவரை சாவித் திருட்டைக் கண்டோம். நம்மவர்களைப் பெரிதும் வாட்டுவது இதனினும் எளிய மோசடி. அதில் சாவியைக் கூடத் திருடுவதில்லை. பணத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பிட்கனெக்ட் என்ற திட்டம் 2016 முதல் 2018 வரை உலகெங்கும் பரவியது. அதை நிறுவியவர் என்று அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் இந்தியர். நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீத வருமானம் என்று ஆசை காட்டினார்கள். 1 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. கூட்டு வட்டிச் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1.01 என்ற எண்ணை 365 முறை பெருக்கினால் 37.78 கிடைக்கும். 10,000 ரூபாய் ஓராண்டில் 3 லட்சத்து 77 ஆயிரமாகும். இரண்டாம் ஆண்டின் முடிவில் 1 கோடியே 42 லட்சம். மூன்றாம் ஆண்டில் சுமார் 54 கோடி. நான்காம் ஆண்டில் 2,000 கோடிக்கும் மேல். அத்தகைய இயந்திரம் ஒருவரிடம் இருந்தால் அவர் உங்கள் வீட்டு வாசலில் 10,000 ரூபாய்க்கு ஏன் நிற்கிறார்? இக்கேள்வியைக் கேட்கப் பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். கேட்காதவர்கள் இழந்த தொகை ஏறத்தாழ 240 கோடி டாலர் என அமெரிக்க நீதித்துறை கூறியது.

கிரிப்டோ என்ற பெயர் இல்லாமலும் இதே மோசடி நடக்கும். சென்னையில் ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-ல் காவல்துறை தொடுத்த வழக்கு நினைவிருக்கலாம். மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகக் கூறி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக அதில் குற்றச்சாட்டு. தங்கம் என்ற சொல் பழகியது, கிரிப்டோ என்ற சொல் புதியது, சூத்திரம் ஒன்றே. முதலில் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் பணத்தையே வட்டியாகத் தருவார்கள். புதியவர் வரத்து நின்றதும் கோபுரம் சரியும்.

இன்று வழக்கத்திலுள்ள முறையையும் அறிந்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தந்தையை ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பார். அங்கே பலர் இலாபம் ஈட்டியதாகக் கூறுவார்கள். அத்தனை பேரும் கூட்டாளிகள். ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். போட்ட 5,000 ரூபாய் சில நாட்களில் 6,000 ஆனதாகத் திரை காட்டும். அதைத் திருப்பி எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை பிறந்ததும் லட்சங்களைப் போடச் சொல்வார்கள். திரையில் கோடி தெரியும். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். திரையில் தெரியும் எண் வெறும் சித்திரம். யாரும் எந்த எண்ணையும் வரையலாம். இழந்த பின்னும் விடமாட்டார்கள். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்" என்று இன்னொருவர் வருவார். அவரும் அதே கூட்டம்.

வீட்டில் நீங்களே ஆலோசகர்

முன்பு கூறுவதாகச் சொன்ன மற்றொரு காரணத்திற்கு இப்போது வருகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் உழைக்கும் குடும்பங்களே அதிகம். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த ஒருவருக்கு ஓய்வு பெறும்போது சேமநல நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. வாழ்நாளில் அவர் ஒருமுறை மட்டுமே காணும் தொகை அது. பெண்ணின் திருமணமும் பையனின் கல்லூரிப் படிப்பும் அதில்தான் நடக்க வேண்டும். அவ்வளவு பெரிய தொகை எந்த வழியாக வெளியேறுகிறது? செல்போன் வழியாக. அந்த செல்போனில் செயலியை நிறுவித் தருவது யார்? பெரும்பாலான வீடுகளில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் நீங்கள்தான். "தம்பி, இதைக் கொஞ்சம் போட்டுக் கொடு" என்று அப்பாவோ பெரியப்பாவோ செல்போனை நீட்டும் அந்தக் கணத்தில், குடும்பத்தின் கடைசிப் பூட்டு நீங்கள். உங்களுக்குத் தெரிந்தால் பூட்டு நிற்கும், தெரியாவிட்டால் திறந்துகொள்ளும்.

ஆகவே அந்த நேரத்தில் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். இந்தச் செயலியை உங்களுக்குச் சொன்னவரை நேரில் அறிவீர்களா? எவ்வளவு வருமானம் என்கிறார்கள், அதை ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்ப்போமா? இந்நிறுவனம் மைய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா? 2023 மார்ச் முதல் இந்தியாவில் கிரிப்டோ வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, அங்கே பதிவு செய்ய வேண்டியவை ஆயின. பதிவு இருந்தால் மட்டும் போதாது, வாசிர்எக்ஸ் அதற்குச் சான்று. ஆனால் பதிவே இல்லாத ஒன்றில் கால் வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதாகும்.

இன்னொரு கண்ணியும் உங்களைப் போன்ற இளைஞர்களுக்கென்றே வைக்கப்படுகிறது. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, வந்து போகும் பணத்தில் இரண்டு சதவீதம் உனக்கு" என்பார்கள். கல்லூரி மாணவர்கள் பலர் இதில் சிக்குகிறார்கள். அக்கணக்கில் வருவது எங்கோ ஒருவர் ஏமாந்த பணம். அது உடனே கிரிப்டோவாக மாற்றப்பட்டு நாட்டைக் கடந்துவிடும். காவல்துறை தேடி வரும்போது ஏட்டில் இருக்கும் பெயர் உங்களுடையது மட்டுமே. கணக்கு முடங்கும், வழக்கு வரும், வேலைக்கான காவல்துறைச் சான்றிதழ் கேள்விக்குறியாகும். செருப்பை இரவல் கொடுக்கலாம். கையொப்பத்தை இரவல் கொடுக்கலாகாது.

திருடுவதைச் சாகசமாக எண்ணும் இளைஞரும் உண்டு. 2020 ஜூலை 15 அன்று டுவிட்டரில் ஒபாமா, பில் கேட்ஸ் முதலிய பிரமுகர்களின் கணக்குகளைக் கைப்பற்றி, பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவதாக எழுதினார்கள். சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றியே உள்ளே புகுந்திருந்தனர். இதன் சூத்திரதாரி அமெரிக்காவின் 17 வயதுப் பையன். அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றான்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைப்பதே பெரிய தீங்கு. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். பணம் வங்கிகளுக்குள் நகரும் வரையில்தான் அதை நிறுத்த முடியும். கிரிப்டோவாக மாறி வெளியேறிய பின் எட்டாது. இப்பகுதி மக்கள் ஆவடி மாநகரக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவையும் அணுகலாம்.

மறுப்பும் மறுமொழியும்

"சிறுவர்களிடம் இதைப் பேசினால் ஆசைதான் வளரும்" என்று ஆசிரியர்கள் சிலர் கூறுகின்றனர். அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் விளம்பரம் பள்ளியின் அனுமதி கேட்டு வருவதில்லை. நாம் பேசாமல் இருந்தால், பேசுபவன் மோசடிக்காரன் மட்டுமே என்றாகிவிடும். மின்சாரம் ஆபத்தானது என்பதற்காக மின்சாரப் பாடத்தை நீக்கிவிடவில்லை. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று சேர்த்துக் கற்பித்தோம்.

"தடை செய்துவிட்டால் தீர்ந்தது" என்பார் வேறு சிலர். 2018-ல் ரிசர்வ் வங்கி இந்நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை அளிப்பதைத் தடுத்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. சட்டம் எப்படி மாறினாலும் ஆசை காட்டும் கலை மாறப்போவதில்லை.

பதினெட்டு வயது நிறையாத நீங்கள் கிரிப்டோ நாணயம் வாங்க வேண்டியதில்லை. பிறர் பெயரில் வாங்குவது அதனினும் தவறு. ஆனால் அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பதற்கு வயது வரம்பில்லை. ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது பன்னிரண்டு சொற்களின் கணக்கையும், கூட்டு வட்டி நடத்தும்போது நாளொன்றுக்கு ஒரு சதவீதக் கணக்கையும் போட்டுக் காட்டினால் போதும். அதற்கு இரண்டு பாடவேளைகளுக்கு மேல் ஆகாது. பாடத்திட்டம் மாறும் வரை காத்திராமல், உங்கள் கணித ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள். கேட்டுக் கற்றதை அன்று மாலையே வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். 78 இலக்கப் பூட்டைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். சாவியைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.